மினுங்குவதும் மினுக்குவதும்

சின்னஞ்சிறு சொல் ஒன்று சென்ற மாதம் நம்மைச் சிந்தனையில் ஆழ்த்தியது. அது தமிழ்ச் சொல் அன்று, ஆங்கிலச் சொல். ஆனால் அந்தச் சொல்லைப் பற்றிக்கொண்டு எழுந்த கேள்வியோ தமிழ் மண்ணில் பிறந்தது. ஏழை வீட்டுப் பிள்ளையின் நாவில் பிறந்தது.

பண்டசோழநல்லூரில் நாம் பாடம் சொல்லும் வகுப்பறையில் அன்று ஆங்கிலப் பாடம். ‘கிளாஸி’ என்ற சொல் பாடத்தில் வந்தது. பொருள் என்ன என்று கேட்டோம். “பளபளப்பான” என்றான் ஒருவன். “வழவழப்பான” என்றான் மற்றொருவன். “ஸ்டூடியோவில போட்டோ கழுவும்போது கிளாஸியா, மேட்டான்னு கேப்பாங்களே, அதுதான் சார்” என்றான் உலகம் அறிந்த மூன்றாமவன். மூவரும் சொன்னது சரிதான் என்று கூறிவிட்டு அடுத்த வரிக்குச் செல்ல முனைந்தோம்.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். அவள் தாய், பிறர் வீடுகளில் பாத்திரம் விளக்கிப் பிழைப்பவர்.

“சார், அது தானா மினுங்குதா? இல்ல, யாராச்சும் மினுக்குறாங்களா?”

வகுப்பு சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை. தானாக ஒளிர்ந்தால் மினுங்குவது. ஒருவர் தேய்த்து ஒளிரச் செய்தால் மினுக்குவது. ஓர் எழுத்துத்தான் வேறுபாடு. அந்த ஓர் எழுத்துக்குள்ளே உழைப்பவன் ஒருவன் நிற்கிறான். ஆங்கிலச் சொல்லில் அவன் இல்லை. ‘பளபளப்பான’ என்று நாம் ஒப்புக்கொண்ட மொழிபெயர்ப்பிலும் அவன் இல்லை. பொருள் மட்டும் ஒளிர்கிறது. ஒளிரச் செய்த கை மறைந்து விடுகிறது!

அந்தக் கேள்வியை வீட்டுக்குச் சுமந்து சென்றோம். அகராதியைப் புரட்டினோம். அகராதி நம்மை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய ஓர் ஆற்றங்கரைக்கு இழுத்துச் சென்றது. அங்கே நாமும், நம்மினும் பன்மடங்கு கற்றோரும், ஒரு பளபளப்பைக் கண்டு ஏமாந்த கதை காத்திருந்தது. அதைக் கூறவே இந்தக் கட்டுரை.

சொல்லின் வரலாறு

‘கிளாஸி’ என்பதற்கு ஆங்கிலேயர் வழங்கும் முதற்பொருள், வழவழப்பும் ஒளியும் சேர்ந்த மேற்பரப்பு உடையது என்பதாகும். எண்ணெய் தடவிய கூந்தல், மழை கழுவிய மாவிலை, காகத்தின் இறகு, திருமண ஆல்பத்தின் தாள் ஆகிய அனைத்துக்கும் அச்சொல் பொருந்தும். இரண்டாம் பொருள் சற்றே கசப்பானது. வெளியே கவர்ச்சி, உள்ளே வெறுமை என்றிருக்கும் எதையும் ‘கிளாஸி’ என்று இகழ்வார்கள். மூன்றாவதாக, விலையுயர்ந்த வழவழத் தாளில் வண்ணப்படங்களோடு அச்சாகும் இதழ்களுக்கே அது பெயராகி விட்டது. கூந்தலுக்குச் சொன்னால் புகழ்ச்சி. பேச்சுக்குச் சொன்னால் இகழ்ச்சி!

இதன் வேர்ச்சொல் ‘கிளாஸ்’ என்பது. கண்ணாடிக் குவளையைக் குறிக்கும் சொல் அன்று. ஒலியில் அதற்கு நெருங்கியது, எழுத்தில் வேறானது. ஒளி என்ற பொருளில் 16ஆம் நூற்றாண்டில் ஆங்கில நூல்களில் அது தலைகாட்டுகிறது. ஐரோப்பாவின் வடபகுதி மொழிகளில் தீப்பொறியையும் கனலையும் குறிக்கும் சொற்கள் அதற்கு உறவு என்பர் மொழியறிஞர்.

வியப்பு என்னவெனில், இதே எழுத்தும் இதே ஒலியும் கொண்ட மற்றொரு ‘கிளாஸ்’ அதற்கு முன்பே ஆங்கிலத்தில் இருந்தது. அதன் பிறப்பிடம் கிரேக்கம். அங்கே ‘குளோஸ்ஸா’ என்றால் நாக்கு. மொழி என்றும் பொருள். இலத்தீனுக்கு வந்தபோது அது, விளங்காத அருஞ்சொல்லையும், அதற்கு எழுதப்படும் விளக்கத்தையும் குறித்தது. நடுக்கால ஐரோப்பாவில் ஏடுகளின் ஓரத்திலும் வரிகளின் இடையிலும் துறவிகள் எழுதிய சிறுகுறிப்புக்கும் அதுவே பெயர். அருஞ்சொல் அகராதியைக் ‘கிளாசரி’ என்பதும் இதன் வழியேதான்.

ஆக, ஒன்று ஒளி, மற்றொன்று உரை. ஒன்றுக்கொன்று உறவில்லாத இரு சொற்கள். ஆனால் ஒரே உருவில் ஒரே தெருவில் நடமாடியதால், காலப்போக்கில் இரண்டும் கைகோத்துக்கொண்டன. குற்றத்தையோ குறையையோ இனிய விளக்கத்தால் மூடி, மேலே மெருகிட்டு, கேட்போர் கண்ணில் படாமல் கடத்தி விடுவதை ‘கிளாஸ் ஓவர்’ என்று ஆங்கிலேயர் சொல்லலாயினர். விளக்கவேண்டிய உரை மறைக்கத் தொடங்கியது. காட்டவேண்டிய ஒளி திரையாயிற்று!

இது ஆங்கிலத்தின் வேடிக்கை மட்டும்தானா? நம் தமிழைப் பாருங்கள். ‘ஒளி’ என்றால் வெளிச்சம். அதே ‘ஒளி’யை வினையாக்கினால், மறைத்துவை என்று பொருள். “விளக்கின் ஒளி” என்கிறோம். “பணத்தை ஒளித்தான்” என்கிறோம். கண்ணுக்குப் புலனாக்குவதும் கண்ணிலிருந்து அகற்றுவதும் ஒரே வடிவில்! கண்ணைக் கூசவைக்கும் வெளிச்சத்தில் எதுவும் தெரிவதில்லை என்பதை நட்டநடு வெயிலில் வயல்வரப்பில் நடந்தவர் எவரும் அறிவர்.

மேலும், நம் மொழி ஒளியை ஒரே சொல்லால் அளந்து விடுவதில்லை. பொன் தகதகக்கும், கீரை தளதளக்கும், தேய்த்த பித்தளை பளபளக்கும், மின்மினி மினுமினுக்கும். பிறகு மெருகு, மேற்பூச்சு, முலாம் என்று வேறொரு வரிசை. முதல் வரிசை பொருளின் நலத்தைச் சொல்கிறது. இரண்டாம் வரிசையில் ஐயம் கலந்திருக்கிறது. “முலாம் பூசிய பேச்சு” என்று எவரையேனும் புகழ்வதுண்டா? சாயம் வெளுத்தது என்றால் துணியைப் பற்றியா பேசுகிறோம்? பளபளப்பின் பின்னே ஒரு கேள்வியை நிறுத்திவைக்க நம் முன்னோர் அறிந்திருந்தனர். நாம்தான் மறந்தோம்.

ஆற்றங்கரை மேடு

நம் சிற்றூரிலிருந்து கிழக்கே கடலை நோக்கிச் சென்றால், புதுச்சேரி நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 4 கிலோமீட்டர் தொலைவில், அரியாங்குப்பம் ஆற்றின் கரையில் ஒரு மேடு இருக்கிறது. தென்னையும் மாவும் நிழல் தரும் அமைதியான இடம். அதுதான் அரிக்கமேடு.

போய்ப் பார்ப்பவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது பாழடைந்த செங்கல் சுவர்கள். “ஆகா, ரோமானியர் கட்டிய மாளிகை!” என்று அதன்முன் நின்று படமெடுத்துக் கொள்வோர் உண்டு. அது ரோமானியர் கட்டியது அன்று. 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரிமார் வாழ்ந்து, 1783இல் கைவிட்ட இல்லத்தின் இடிபாடு. உண்மையான பழமை காலடியில், மண்ணுக்குள்ளே, மங்கிக் கிடக்கிறது. கண்ணில் நிமிர்ந்து நிற்பதே வரலாறு என்று எண்ணிவிடுவது எவ்வளவு எளிது!

வெள்ளிக்கோள் கதிரவனைக் கடந்து செல்லும் காட்சியை 1769இல் காண்பதற்காகப் புதுச்சேரியில் தங்கியிருந்தவர் லெ ழாந்தீய் என்ற பிரெஞ்சு வானியலறிஞர். அந்த நாளன்று முகில் மூடியது. வானம் அவரை ஏமாற்றியது. ஆனால் மண் ஏமாற்றவில்லை. இப்பகுதியிலுள்ள பழைய இடிபாடுகளைப் பற்றி, 1779இல் வெளிவந்த தம் பயண நூலில் அவர் எழுதினார். அதன்பின் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் அந்த மேட்டை உலகம் மறந்தே கிடந்தது.

1937இல் புதுச்சேரியில் வாழ்ந்த பிரெஞ்சு அறிஞர் ழூவோ துய்ப்ராய், இந்த மேட்டில் கிடைத்த மணிகளையும் கற்களையும் ஊர்ச்சிறுவர்களிடம் காசு கொடுத்து வாங்கினார். தாமும் தரையில் பொறுக்கினார். மனிதத் தலை செதுக்கிய சிறு மணிக்கல் ஒன்று கிடைத்தது. அத்தலை ரோமப் பேரரசர் அகஸ்டஸின் தலை என்று கண்டார். அங்கே புகழ் பிறந்தது. தோழர்களே, பாடநூல்களில் அந்த அறிஞரின் பெயர் இருக்கிறது. முதலில் குனிந்து எடுத்த ஊர்ச்சிறுவர்களின் பெயர் எங்கும் இல்லை!

1945இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராக இருந்த மார்ட்டிமர் வீலர், அப்போது பிரெஞ்சு ஆட்சியிலிருந்த இந்த மண்ணுக்கு வந்து முறைப்படி அகழ்ந்தார். அவரது அறிக்கை 1946இல் வெளியாயிற்று. அவருக்குப் பின் 1947 முதல் 1950 வரை பிரெஞ்சு அறிஞர் கசால் அகழ்ந்தார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையில் மீண்டும் அகழாய்வு நடந்தது. கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ‘பெரிப்ளூஸ்’ என்ற கடல்வழிக் குறிப்பு நூலும், தாலமியின் நிலநூலும் கூறும் ‘பொதுகே’ என்ற துறைமுகம் இதுவே என்பது அறிஞர் பலரின் முடிவு. தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் இங்கே கிடைத்தன.

அந்தக் குழிகளிலிருந்து வெளிவந்தவற்றில் இரண்டு பளபளப்புகள் உண்டு. ஒன்று சிவப்பு, மற்றொன்று கருப்பு. நம் கதை அவ்விரண்டைப் பற்றியது.

சிவப்பு ஓடும் கருப்பு ஓடும்

சிவப்புப் பளபளப்புக்கு ‘அரிட்டைன்’ கலம் என்று பெயர். இத்தாலியில் அரெட்டியம் என்ற ஊர் இருந்தது. இன்று அரெத்சோ எனப்படுகிறது. அவ்வூரின் பெயரால் இக்கலம் பெயர் பெற்றது. பவளம்போல் சிவந்து, கண்ணாடிபோல் வழுவழுக்கும் உணவுத் தட்டுகளும் கிண்ணங்களும் அங்கே செய்யப்பட்டு ரோமானிய உலகெங்கும் விற்பனையாயின.

அந்த ஒளி வந்த வழி என்ன? கண்ணாடிப் பூச்சு அன்று, மண்தான்! களிமண்ணை நீரில் கரைத்துத் தெளிய விடுவார்கள். பருமணல் அடியில் தங்கும். மிக நுண்ணிய துகள்கள் மட்டும் நீரில் மிதந்து நிற்கும். அந்தக் குழம்பில் கலத்தைத் தோய்த்து எடுப்பார்கள். நுண்துகள்கள் தட்டையானவை, ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்று படுத்துக்கொள்ளும். காற்றோட்டமுள்ள சூளையில், ஆயிரம் பாகையை ஒட்டிய வெப்பத்தில் சுட்டால், அவை ஒன்றோடொன்று இறுகி ஒளியைத் திருப்பியனுப்பும் தோலாகி விடும். மண் ஒன்றே. சலித்தெடுத்த பொறுமையும், அடுப்பறிந்த அறிவும்தான் ஒளியாயின.

அந்தத் தட்டுகளின் நடுவே முத்திரை உண்டு. ‘விபி’, ‘கமுரி’, ‘இத்தா’ என்ற முத்திரைகள் அரிக்கமேட்டில் கிடைத்தன. குயவர் பட்டறைகளின் பெயர்கள் அவை. அரிட்டைன் கலங்களில் காணும் முத்திரைகள் பலவற்றில் உரிமையாளன் பெயரோடு அடிமையின் பெயரும் சேர்ந்திருக்கும். எத்துணைக் கொடுமை! உடலை விலைக்கு வாங்கிய உலகம், அவன் கைத்திறனுக்கு மட்டும் முத்திரையிட இடம் கொடுத்தது. என்றாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சேற்றில் நின்ற அந்த அடிமையின் பெயர் இரண்டாயிரம் ஆண்டு கடந்தும் படிக்கப்படுகிறது. அந்தத் தட்டில் உண்ட சீமான்களில் எத்தனை பேரின் பெயர் மிஞ்சியது?

இந்தச் சிவப்பு ஓடுகள் வீலருக்கு ஒரு கருவியாகவும் பயன்பட்டன. இத்தாலியில் அவற்றின் காலம் தெரியும். ஆகவே அவற்றோடு ஒரே மண்ணடுக்கில் கிடந்த நம் ஊர்ப் பானைகளின் காலத்தையும் கணிக்க முடிந்தது. தென்னிந்தியத் தொல்லியலுக்கு அது உறுதியான ஒரு முளை. அந்த அளவில் பளபளப்பு நமக்கு நன்மையே செய்தது.

இனி, கருப்புப் பளபளப்பு. ‘ரௌலெட்டட்’ கலம் என்பர். தட்டையான அடி, உட்புறம் வளைந்த விளிம்பு கொண்ட தட்டு. மெல்லிய உடல். தட்டினால் வெண்கலம்போல் ஒலிக்கும். சாம்பலும் கருமையும் கலந்த மேனியில் எண்ணெய் தடவியது போன்ற மினுக்கம். உட்புறத்தில் பல்சக்கரத்தை உருட்டியதுபோல் நுண்ணிய புள்ளிகள் வட்டவட்டமாக ஓடும்.

இந்தக் கலம் எங்கிருந்து வந்தது?

சிவப்பு ஓடு இத்தாலியிலிருந்து வந்தது என்பது உறுதி. அதன் அருகே கிடந்த கருப்பு ஓடோ அதற்கு இணையான நேர்த்தி கொண்டது. பல்சக்கர வேலைப்பாடும் மத்தியதரைக் கடல் நாடுகளில் வழங்கிய முறை. சுற்றிக் கிடந்த மற்றவை சொரசொரப்பான நாட்டுப் பானைகள். ஆகவே இந்த நேர்த்தி இந்நாட்டுக்குரியதன்று, மேற்கிலிருந்து வந்தது, உள்ளூரார் அதைப் பார்த்துப் பின்னர்ப் போலி செய்தனர் என்ற கருத்து எழுந்தது. வீலர் அவ்வாறு எண்ணினார். பின்வந்தோர் பலர் அதையே எழுதினர், எழுதியதையே படித்தனர், படித்ததையே பாடம் சொல்லினர்.

பிறரைக் குறை கூறுவது எளிது. நாம் என்ன செய்தோம்? கல்லூரியில் அப்படித்தான் படித்தோம். ஐயம் எழவில்லை. சென்ற ஆண்டு பிள்ளைகளைப் புதுச்சேரி அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்றபோது, கண்ணாடிப் பேழையைச் சுட்டிக்காட்டி, “பாருங்கள், எவ்வளவு நேர்த்தி! ரோம் நாட்டிலிருந்து வந்தது” என்று நாமே முழங்கினோம். பிள்ளைகள் வாய்பிளந்து பார்த்தனர். பக்கத்தில் கிடந்த மங்கலான ஓட்டைக் காட்டி ஒருவன் கேட்டான்: “அப்ப இது நம்மளுதா சார்?” ஆம் என்றோம். எண்ணிப் பாருங்கள், தோழர்களே! மினுங்குவது அயலாருடையது, மங்கியது நம்முடையது. பகுத்தறிவு பேசும் நம் வாய், ஒரு பிஞ்சு உள்ளத்தில் அன்று விதைத்த நஞ்சு அது. யாரும் நம்மைக் கட்டாயப்படுத்தவில்லை. ஓட்டின் ஒளி ஒன்றே போதுமானதாக இருந்தது!

சாயம் வெளுத்தது

உண்மை எப்படி வெளிவந்தது? கூச்சலிட்டதால் வரவில்லை, சோதித்ததால் வந்தது.

1983இல் விமலா பெக்லி அரிக்கமேட்டுச் சான்றுகளை மீண்டும் அலசினார். இந்தக் கருப்புக் கலம் ரோமானிய வணிகம் செழிப்பதற்கு முன்பே இந்நாட்டில் வழங்கியது, இந்நாட்டிலேயே செய்யப்பட்டது என்று வாதிட்டார். பின்னர் அவர் நடத்திய அகழாய்வும், ரோமானியக் கலங்கள் வருவதற்கு முன்பே அந்த ஆற்றங்கரையில் மக்கள் வாழ்ந்தனர் என்பதைக் காட்டியது. ரோமானியர் வந்து ஊரை உண்டாக்கவில்லை. இருந்த ஊருக்கு அவர்கள் சரக்கு வந்தது.

1997இல் புனே டெக்கான் கல்லூரியைச் சேர்ந்த விஸ்வாஸ் கோக்டே, ஓடுகளின் மண்ணையே எக்ஸ்-கதிர் முறையால் ஆராய்ந்து முடிவை வெளியிட்டார். களிமண்ணில் கலந்துள்ள கனிமங்கள் அது பிறந்த இடத்தைக் காட்டிக்கொடுக்கும். மேற்கு வங்கத்தில் சந்திரகேதுகரும் தாம்லுக்கும் உள்ள கங்கையின் கடைமடைப் பகுதி மண்ணோடு அது ஒத்துப்போகிறது என்றார் அவர். 2005இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, வேறு முறையில் வேதிக்கூறுகளை அளந்து பார்த்தது. தொலைதூர ஊர்களில் கிடைத்த இவ்வகைக் கலங்களின் மண் ஒரே நிலப்பகுதியின் மண் என்று அதுவும் காட்டியது. அரிக்கமேட்டில் மட்டுமன்று, அழகன்குளம், காவிரிப்பூம்பட்டினம், இலங்கையின் அநுராதபுரம், கடல் கடந்த பாலித்தீவின் செம்பிரான் வரை இந்தக் கலம் பரவியிருக்கிறது.

வீலர் அறிவில் குறைந்தவர் அல்லர். அடுக்கடுக்காக மண்ணைப் பிரித்துப் படிக்கும் முறையை இந்நாட்டு இளைஞருக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர். அவருடைய முடிவைத் திருத்தியவர்கள் கைக்கொண்டதும் அவர் வற்புறுத்திய அறிவுநெறியே. ஆசானின் முடிவை, ஆசான் தந்த கருவியாலேயே திருத்துவது! ஆசான் சொன்னதால் உண்மை என்று கைகட்டி நிற்பது பக்தி. ஆசான் சொன்னாலும் சோதித்துப் பார்ப்பது அறிவு. இதைவிடப் பெரிய மரியாதையை ஆசானுக்கு எவரும் செலுத்த முடியாது.

ஆனால் இங்கே நம்மவர் சிலர் கைதட்டத் தொடங்குவர். “பார்த்தீர்களா! ரோமானியருடையது என்றார்கள்; நம்முடையது என்று ஆகிவிட்டது! தமிழன் செய்த கலம்!” என்று. பொறுங்கள். மண் என்ன சொல்லிற்று? ரோம் இல்லை என்றது. அரிக்கமேடு என்றும் சொல்லவில்லையே! கங்கைக் கரையைக் கைகாட்டியது. வங்கத்துக் குயவன் வனைந்தான். மரக்கலம் ஏற்றி வந்தது. தமிழகத்தார் அதில் உண்டனர். நாளை வேறு சோதனை வேறொன்றைக் காட்டினால் அதையும் ஏற்போம். ஒரு பொய்யான முலாமைச் சுரண்டிவிட்டு, நமக்கு இனிக்கும் வேறொரு முலாமைப் பூசிக்கொள்வதற்கா இவ்வளவு பாடு? அயலாரின் பெருமைக்குமுன் மண்டியிடுவது ஓர் அடிமைத்தனம். ஆதாரமில்லாத தற்பெருமைக்குமுன் மண்டியிடுவது மற்றோர் அடிமைத்தனம். இரண்டாவது இனிப்பாக இருப்பதால் கொடியது.

நம்முடையது என்று சொல்லிக்கொள்ள நமக்கு எதுவுமே இல்லையா? உண்டு. பேழையில் மங்கிக் கிடந்ததே, அந்த ஓட்டுக்கு உறவான கருப்புச் சிவப்புப் பானையை எடுத்துக்கொள்ளுங்கள். கீழடியிலும் ஆதிச்சநல்லூரிலும் கிடைத்தது அதுவே. வனைந்த பானை பாதி உலர்ந்திருக்கும்போது, கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து மேனியை இறுக்கினர் நம் குயவர். வாய் கவிழ்த்துச் சுட்டனர். காற்றுப் புகாத உட்புறம் கருத்தது. காற்றுப் பட்ட வெளிப்புறம் சிவந்தது. மேற்பூச்சு இல்லாமலே ஒருவகை மெல்லிய மெருகு! ரோமானியத் தட்டு அளவுக்கு அது கண்ணைப் பறிக்காது. ஆனால் ஏழையும் வாங்கிச் சோறாக்கிய பானை அது.

அரிக்கமேட்டு மணிகளையும் எண்ணுங்கள். அகேட், சூதுபவளம், படிகம் ஆகிய கற்களைக் குடைந்து, உருட்டி, தேய்த்து மெருகேற்றிய பட்டறை அங்கே இருந்தது. கண்ணாடியை உருக்கிக் குழலாக இழுத்து, துண்டுதுண்டாக நறுக்கி, கடுகளவு மணிகளாக்கும் தொழிலும் அங்கே நடந்தது. “ஆண்டுதோறும் நம் பேரரசின் செல்வத்தில் 5 கோடி செஸ்டெர்ஸ் காசு இந்தியாவுக்குப் போகிறதே” என்ற பொருள்பட ரோமானிய எழுத்தாளர் பிளினி வருந்தி எழுதினார். மிளகுக்கும் முத்துக்கும் துணிக்கும் மணிக்கும் சேர்ந்த விலை அது. அந்தக் கோடிகளில், நாள்முழுதும் கல்லைத் தேய்த்துக் கண்ணொளி இழந்தவன் கைக்கு எத்தனை காசு வந்திருக்கும்? அதைக் கூறும் ஏடு இல்லை. மணி ஒளிர்கிறது, கை ஒளிந்து கிடக்கிறது.

விளக்குவோம்!

இன்று நம்மைச் சுற்றி எத்தனை பளபளப்பு! வழவழத் தாளில் சிரிக்கும் விளம்பரம். தோலின் நிறத்தை வெளுத்துத் தருவதாகக் கூறும் களிம்பு. தேர்தல் வேளையில் சுவர்தோறும் புன்னகைக்கும் பல்வரிசை. கையகலத் திரையில் விரல் பட்டதும் வழுக்கி ஓடும் படங்கள். ஒவ்வொன்றும் நம்மைப் பார்த்துக் கேட்கும் கேள்வி ஒன்றே: “மயங்குகிறாயா?” நாம் திருப்பிக் கேட்கவேண்டிய கேள்வியும் ஒன்றே. அதைப் பெரிய நூல்களில் தேடவேண்டியதில்லை. பண்டசோழநல்லூர் வகுப்பறையில், பின்வரிசையில் பிறந்து விட்டது. மினுங்குகிறதா? மினுக்குகிறார்களா? மினுக்குவது யார்? யாருக்காக?

மறுவாரம் வகுப்பில், சென்ற ஆண்டு நாம் சொன்னது தவறு என்று பிள்ளைகளிடம் ஒப்புக்கொண்டோம். கருப்பு ஓடு ரோமிலிருந்து வந்ததன்று. வங்கத்து மண்ணாகவே தோன்றுகிறது. அதைக் கண்டறிந்த வழி இது என்று கரும்பலகையில் எழுதினோம். ஆசிரியர் தவறினார் என்பதில் பிள்ளைகளுக்கு ஒரு மகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சியை நாம் தடுக்கவில்லை. தவறை மூடி மெழுகும் ஆசிரியரைவிட, தவறைத் திறந்து காட்டும் ஆசிரியரிடம் பிள்ளைகள் இன்னும் கொஞ்சம் கற்றுக்கொள்வர் என்ற நம்பிக்கை நமக்குண்டு.

பிறகு அந்த மாணவியைக் கேட்டோம்: “உன் அம்மா பாத்திரத்தை என்ன செய்வார்?”

“வெளக்குவாங்க சார்.”

“இப்போது நாம் என்ன செய்தோம்?”

சற்றே நின்றாள். பிறகு முகம் மலர்ந்தது. “வெளக்குனீங்க!”

ஆம், தோழர்களே. ஆங்கிலத்தில் ஒளியும் உரையும் உறவில்லாத இரு சொற்கள். தற்செயலாய்ச் சேர்ந்து, மறைப்பதற்குப் பயன்பட்டன. தமிழில் அவை ஒரு வேரில் பிறந்தவை. கரிபிடித்த பாத்திரத்தைத் தேய்ப்பதும் விளக்குவது. கடினமான பொருளைத் தெளிவாக்குவதும் விளக்குவது. இருட்டில் ஏற்றிவைப்பதும் விளக்கு. விளக்குகிறவள் எதையும் மேலே பூசுவதில்லை. கரியை அகற்றுகிறாள். அடியில் இருப்பது பித்தளையா, பொன்னா, ஈயமா என்பது தானே தெரிந்து விடும். பொன்னாக இருக்கவேண்டும் என்று அவள் ஆசைப்படுவதுமில்லை. ஈயமாக இருந்தால் மறைப்பதுமில்லை.

பூசுகிறவர்கள் எந்நாளும் இருப்பார்கள். அவர்களிடம் காசும் இருக்கும், களிம்பும் இருக்கும். நம்மிடம் இருப்பது கைப்பிடிச் சாம்பலும் ஒரு துண்டு நாரும்தான். அந்தத் தாயிடம் இருப்பதும் அவ்வளவே. அது போதும். எந்த ஏட்டையும், எந்தப் பெருமையையும், நம் சொந்தப் பேச்சையும் கூட, ஒருமுறை தேய்த்துப் பார்த்த பின்பே நம்புவோம். விளக்குவோம், விளங்கும்!